கூட்டேரிப்பட்டில் ஒரு பஞ்சர்

"முண்டியம்பாக்கம் தாண்டிட்டேன்க்கா."

மணிமாறன் இதைச் சொன்னபோது விழுப்புரத்தில், கீழ்ப்பெரும்பாக்கத்துத் தன் வீட்டு வாசலில், முழங்கை வரை சோப்பு நுரையோடு குந்தியிருந்தான். போனை அவன் பிடித்திருக்கவில்லை. அவன் மனைவி அம்சா குனிந்து நின்று அதை அவன் காதோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். எதிரே விரித்த கோணிச்சாக்கின் மேல் பைக்கின் பின்சக்கரம் படுத்துக் கிடந்தது. டயரின் ஒரு பக்கம் ரிம்முக்குள்ளும் ஒரு பக்கம் வெளியிலுமாக இருந்தது.

"ஜல்தியா வாடா தம்பி. அம்மா உன்னத்தான் கேட்டுக்கினே இருக்குது. மூச்சு ஒரு மாதிரி வாங்குது" என்றாள் திண்டிவனத்திலிருந்து அக்கா செண்பகம்.

அந்த நேரம் பார்த்து அடுப்பங்கரையில் குக்கர் விசிலடித்தது.

"அது இன்னாடா சத்தம்?"

"ரயிலுக்கா. பக்கத்துலயே போவுது."

அம்சா போனை அணைத்து, அதில் ஒட்டியிருந்த நுரையை முந்தானையில் துடைத்தாள். அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

"பஸ்ஸுல போயிடலாங்க. ஆட்டோ புடிச்சி பஸ் ஸ்டாண்டு போனா திண்டிவனம் வண்டி நின்னுக்கினே இருக்கும்."

"ஒரு சைடு ஏறிடுச்சி. இன்னும் ஒரு சைடுதான். பத்து நிமிஷம்."

"இதத்தான் ஒம்போது மணிக்கும் சொன்னீங்க."

ஒன்பது மணிக்கு முதல் போன் வந்தபோது அவன் அப்போதுதான் பழைய டயரை ரிம்மிலிருந்து கழற்றிக் கீழே வைத்திருந்தான். 'கெளம்பிட்டேன்' என்றான். அதை யாரும் பொய் என்று நினைத்துச் சொல்வதில்லை. குளிக்கப் போகிறவனும் சொல்வான், சட்டையைத் தேடுகிறவனும் சொல்வான். ஆனால் அதைச் சொல்லிவிட்டால் பிறகு வாயாலேயே ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்க வேண்டியதுதான். நின்ற இடத்தில் நின்றுகொண்டு முண்டியம்பாக்கம் வரை வந்துவிட்டான் பாருங்கள், அப்படி.

அவனையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது. அவன் அம்மா ராஜாமணியம்மாள் படுத்து இரண்டு மாதம் ஆகிறது. அதற்குள் மூன்று முறை இப்படிப் போன் வந்து, மூன்று முறையும் அவன் விழுந்தடித்துக்கொண்டு ஓடியிருக்கிறான். கடைசியாகப் போனபோது அவள் கட்டிலில் உட்கார்ந்து கேப்பைக்கூழ் குடித்துக்கொண்டு, "இன்னாடா மணி, வேலைக்குப் போவலியா?" என்று கேட்டாள். இந்த முறையும் அப்படித்தான் இருக்கும் என்று அவன் மனம் சொல்லிக்கொண்டது. டயரை விட்டு எழுந்திருக்க மனமில்லாதவனுக்கு அந்த நினைப்பு சௌகரியமாகவும் இருந்தது.

அவன் ஒரு கல்லூரியில் ஆய்வக உதவியாளன். இருபது வருஷமாக மற்றவர்கள் செய்யும் காரியத்துக்குக் குடுவை எடுத்துக் கொடுப்பதும் கழுவி வைப்பதும்தான் வேலை. போன மாதம் டயர் மாற்றக் கடைக்குப் போனபோது, கூடமாட நட்டைக் கழற்றிக் கொடுக்கலாம் என்று கை வைத்தான். "சார், நீங்க அப்படி ஓரமா ஒக்காருங்க. உங்க கைக்கு இதெல்லாம் ஆவாது" என்றான் கடைக்காரன். சாதாரணமாகச் சொன்னதுதான். ஆனால் மணிமாறன் டயரை மாற்றாமலேயே வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டான். அன்றிலிருந்து வீட்டிலேயே டயர் மாற்றுகிற வீடியோக்களை ஒன்று விடாமல் பார்த்தான். டயரை நெம்பும் லிவர் மூன்று, வால்வு கழற்றும் சாவி, காலால் மிதித்துக் காற்றடிக்கும் பம்ப் என்று மலிவான சாமான்களாகப் பார்த்துத் தருவித்தான். ரிம்மில் கீறல் விழாமலிருக்கத் தண்ணீர்க் குழாயை நீளவாக்கில் அறுத்து உறை செய்தான். பழைய டயரை ரிம்மிலிருந்து விடுவிக்க அதன்மேல் ஒரு கட்டையை நிறுத்தி, வீட்டு அம்மிக்கல்லை அம்சாவும் அவனுமாகத் தூக்கி வைத்து அழுத்தினார்கள். அது பொத்தென்று விட்டுக்கொடுத்தபோது அம்சாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அது எட்டரை மணிக்கு. அப்போது இன்னும் போன் வரவில்லை.

புது டயரின் ஒரு பக்கம் சோப்பு நுரையில் வழுக்கிக்கொண்டு ஏறிவிட்டது. அம்சாவின் முகப்பவுடரைத் தூவி ட்யூபை உள்ளே வைத்தான். இரண்டாவது பக்கம் முக்கால்வாசி ஏறியபின், கடைசி ஒரு சாண் மட்டும் ஏறமாட்டேன் என்றது. இரண்டு லிவரைப் போட்டு நெம்பினான். ஏறியது. காற்றடித்தால் உஸ்ஸென்று இறங்கியது. லிவரின் நுனி ட்யூபைக் கடித்திருந்தது. மறுபடி கழற்றி, வாளித் தண்ணீரில் ட்யூபை அமுக்கிக் குமிழி வரும் இடத்தைக் கண்டுபிடித்து, உப்புத்தாளால் தேய்த்து ஒட்டுப் போட்டான். மறுபடி ஏற்றினான்.

மூன்றாவது போன்.

"விக்கிரவாண்டி டோல்கேட்டாண்ட நிக்கிறேன்க்கா."

"அம்சாகிட்ட குடு."

அம்சா திடுக்கிட்டுப் போனைத் தன் காதுக்குக் கொண்டுபோனாள். பிறகு, "காத்து அடிக்குது அண்ணி, ஒண்ணும் கேக்கல" என்று சொல்லிவிட்டு, சுட்டுவிட்டதைப் போலப் போனை மறுபடி அவன் காதில் வைத்தாள்.

அங்கே ஏதோ நகரும் சத்தம். செண்பகம் போனை அம்மாவின் காதில் வைத்திருக்கிறாள். முதலில் மூச்சு மட்டும் கேட்டது. ஒரு படி ஏறி, நின்று, இன்னொரு படி ஏறுவதைப் போன்ற மூச்சு.

"மணி."

"அம்மா."

"வண்டி ஓட்டிக்கினே பேசாதப்பா. வெச்சிடு."

அவள் திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே, வேர்க்கடலையை அவித்து, மல்லாட்டைக் கூடையோடு பஸ்ஸுக்குப் பஸ் ஏறி இறங்கினவள். கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் பஸ் குலுங்குவதை வைத்து எந்த ஊர் என்று சொல்லிவிடுவாள். விக்கிரவாண்டி என்றால் இன்னும் எவ்வளவு நேரம் என்று அவளுக்குத் தெரியும். மணிமாறனுக்கும் அது தெரியும். தெரிந்தும், லிவரை எடுத்தான்.

இந்த முறையும் ட்யூபைக் கடித்துவிட்டது.

அம்சா உள்ளே போய்ப் புடவை மாற்றிக்கொண்டு, பையோடு வந்து வாசற்படியில் நின்றாள். "நான் பஸ்ஸுல போறேன். நீங்க பின்னால வாங்க."

"நீ மட்டும் போய் நின்னா அவன் எங்கன்னு கேக்க மாட்டாங்களா?"

அவள் பையைக் கீழே வைத்தாள். அது சரியான கேள்விதான். அதுதான் கஷ்டம்.

அடுத்த போன் வந்தபோது அவன் எதிரே வாளியில் ட்யூப் குமிழி விட்டுக்கொண்டிருந்தது.

"எங்கடா இருக்க? இந்நேரம் வந்திருக்கணுமே!"

"கூட்டேரிப்பட்டுக்கா. வண்டி பஞ்சராயிடுச்சி."

"அடக் கடவுளே, இப்பத்தானா ஆவணும்! நீ அங்கியே நில்லு. இவர அனுப்பறேன், குட்டியானையில வண்டியோட ஏத்திக்கினு வந்துடுவாரு."

"வேணாங்க்கா, இதோ கடைக்காரரு..."

"இன்னா வேணாம்? அவரு கெளம்பிட்டாரு."

அக்கா வீட்டுக்காரர் அரங்கநாதனுக்குத் திண்டிவனம் மண்டியில் மூட்டை ஏற்றும் குட்டியானை வண்டி ஒன்று உண்டு. அந்த மனிதர் கெளம்பிட்டேன் என்றால் கிளம்பிவிட்டார் என்று அர்த்தம். கால் மணி நேரத்தில் அவர் பெயர் போனில் ஒளிர்ந்தது. அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. மூன்றாவது முறையும் அடித்தது. புருஷனும் பெண்டாட்டியும் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள். ஒருவரும் எடுக்கவில்லை.

மணிமாறன் வெறி பிடித்தவனைப் போல வேலையில் இறங்கினான். ஒட்டுப் போட்டான், பவுடர் தூவினான், ட்யூபைத் திணித்தான். கடைசி ஒரு சாண் வந்ததும் பலத்தையெல்லாம் கூட்டி நெம்பப் போனவனுக்கு, வீடியோவில் ஒருவன் எதிர்ப்பக்கத்தில் முழங்காலை ஊன்றி உட்கார்ந்தது நினைவுக்கு வந்தது. லிவரைக் கீழே வைத்தான். எதிர்ப்பக்கத்து டயரை முழங்காலால் அழுத்தி ரிம்மின் நடுப்பள்ளத்துக்குள் இறக்கினான். அவ்வளவுதான். இந்தப் பக்கம் தளர்ந்து கொடுத்தது. கட்டை விரல்கள் இரண்டாலும் தள்ள, கடைசி ஒரு சாணும் லிவரே இல்லாமல் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. பம்ப்பை மிதித்தான். காற்று ஏற ஏற டயர் விம்மி, 'டப்' என்று ஒரு பக்கமும் 'டப்' என்று மறுபக்கமும் ரிம்மில் பொருந்தியது.

"அம்சா! ஏறிடுச்சி பாரு! அம்சா!"

சிரித்துக்கொண்டே திரும்பினான். அம்சாவின் காதில் போன் இருந்தது. அவள் அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தைப் பார்த்த பிறகும் அவன் முகத்திலிருந்த சிரிப்பு உடனே போகவில்லை. அது போவதற்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

*

திண்டிவனம் ரோஷணையில் அக்கா வீட்டுத் தெருவில் சாமியானா போட்டுக்கொண்டிருந்தார்கள். மணிமாறன் வண்டியைத் தெருமுனையிலேயே நிறுத்தினான். அம்சா இறங்கி, அவனுக்காக நிற்காமல் முன்னே நடந்தாள். முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, கூட்டேரிப்பட்டு என்று காலையிலிருந்து சொன்ன ஊர்களையெல்லாம் அப்போதுதான் கண்ணால் பார்த்துக்கொண்டு வந்திருந்தார்கள்.

வீட்டின் இரும்புக் கேட் இரண்டு கதவும் அகலத் திறந்து கிடந்தது.

செண்பகம் ஓடி வந்து அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "தம்பி வந்துட்டியா! அம்மா கண்ணு மூடாம பாத்துக்கினே இருந்துச்சேடா! டோல்கேட்டு வந்துட்டான்னேன், கேட்டுக்கிச்சி. கூட்டேரிப்பட்டு வந்துட்டான்னேன். கேட்டத் தொறந்து வைடீ, புள்ள வண்டிய நிறுத்தாம உள்ள வரட்டும்னு சொல்லுச்சேடா! அதான் கடைசியா பேசுனது!"

சொல்லிக்கொண்டே வந்தவள் அவன் கைகளைப் பிடித்துப் பார்த்தாள். உள்ளங்கையெல்லாம் டயர்க் கறுப்பு. நகக்கண்ணில் கறுப்பு. முழங்கையில் செயின் மசை.

"கையப் பாருங்க! ரோட்டுல கெடந்து இன்னா பாடு பட்டானோ எந்தம்பி!" என்று அந்தக் கைகளைத் தூக்கி, சுற்றி உட்கார்ந்திருந்த பெண்களிடம் காட்டினாள். அவர்கள் உச்சுக் கொட்டினார்கள். பக்கத்து வீட்டுப் பாஞ்சாலி தன் பங்குக்கு மூக்கைச் சிந்தினாள். மணிமாறன் கைகளை இழுத்துக்கொள்ளப் பார்த்தான். அக்கா விடவில்லை.

அம்மாவை ஐஸ் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். அவன் கண்ணாடியைத் தொட்டான். எடுத்த இடத்தில் ஐந்து விரலும் கறுப்பாகப் பதிந்திருந்தன. சட்டைக் கையால் துடைத்தான். அது பரவியதே தவிரப் போகவில்லை.

அம்மாவின் தம்பி சின்னக்கண்ணு மாமா பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். "மெட்ராஸ்லேருந்து எம்மவன் வந்து அர மணி நேரம் ஆச்சி. இங்க இருக்கிற விழுப்புரத்துலேருந்து தொரை இப்பத்தான் வர்றாரு. இன்னா மணி, நடந்தே வந்தியா?"

மணிமாறனுக்கு வாய் வரை வந்தது. மாமா, நான் கிளம்பவே இல்லை என்று அந்த இடத்திலேயே சொல்லிவிட்டால் ஒரே அடியோடு முடிந்துவிடும்.

அப்போது பந்தக்காலில் கயிறு கட்டிக்கொண்டிருந்த அரங்கநாதன் திரும்பாமலே பேசினார்.

"பஞ்சர் மாமா. கூட்டேரிப்பட்டு பஞ்சர் கடையில நின்னுக்கினு இருந்தாங்க. நான்தான் போய்ப் பாத்தேனே. ட்யூப்பு ரெண்டு எடத்துல கிழிஞ்சி, கடைக்காரன் ஒட்டறதுக்கே பேஜாராயிட்டான். நான் முன்னால வந்துட்டேன்."

"அப்படியா. சொல்லக் கூடாது? பாவம், புள்ள" என்றார் சின்னக்கண்ணு. உடனே இரக்கமும் வந்துவிட்டது அவருக்கு. "ஒரு காபித்தண்ணி குடுங்கடி அவனுக்கு."

அரங்கநாதன் முடிச்சை இறுக்கிவிட்டு அடுத்த காலுக்குப் போனார். மணிமாறனை அவர் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பான்.

பொழுது சாய்வதற்குள் எடுத்துவிட வேண்டும் என்று அவசரப்படுத்தினார்கள். பின்கட்டில் போய் மணிமாறன் கையைத் தேய்த்தான். துணி சோப்பு போட்டான். சாம்பலைப் போட்டான். யாரோ தேங்காய் நார் கொடுத்தார்கள். தோல் சிவந்ததே ஒழிய, ரேகைக்குள்ளும் நகத்துக்குள்ளும் போன கறுப்பு போகவில்லை. அத்தோடு லேசாகப் பவுடர் வாசனை வேறு. குளிப்பாட்டி, நெற்றியில் காசு வைத்து, புதுப்புடவை போர்த்திக் கிடத்தியிருந்தார்கள். ஒரே மகன் அவன்தான். வாய்க்கரிசி போட முதலில் அவனைக் கூப்பிட்டார்கள்.

தட்டில் வெள்ளை வெளேரென்று அரிசி. அள்ளினான். அரிசி வெளுப்பாக இருக்க இருக்க விரல்கள் இன்னும் கறுப்பாகத் தெரிந்தன. அம்மாவின் உதட்டருகே கொண்டுபோனபோது கட்டை விரல் அவள் மோவாயில் பட்டுவிட்டது. மஞ்சள் பூசிய இடத்தில் ஒரு கறுப்புத் தீற்றல். செண்பகம் குனிந்து தன் முந்தானையால் அதை மெல்லத் துடைத்தாள். துடைத்த கையோடு தம்பியின் முதுகையும் தடவிக் கொடுத்தாள்.

சுடுகாட்டில் மொட்டை அடித்து, கொள்ளி வைத்து, திரும்பிப் பார்க்காமல் நடந்து வரும்போது அரங்கநாதன் அவன் பக்கத்தில் வந்தார்.

"மாமா, நான் காலையில..."

"வுடு மச்சான்."

கொஞ்ச தூரம் போன பிறகு, அவரே சொன்னார். "அங்க ரெண்டு பஞ்சர் கட இருக்குது. ரெண்டுலயும் கேட்டேன். எதிர்ப்பக்கம் மயிலம் ரோட்டுல ஒண்ணு இருக்குதுன்னாங்க, அங்கயும் போனேன். அங்க நிக்கும்போதுதான் பாஞ்சாலி போன் பண்ணுச்சி." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "உங்கக்கா அந்நேரம் ஒத்தையில இருந்திருக்குது. அதான் ஒரு மாதிரியா இருக்குது எனக்கு. மத்தது ஒண்ணுமில்ல. அதுகிட்ட இன்னிக்கி எதுவும் சொல்லாத. தாங்காது."

மணிமாறன் தலையை ஆட்டினான். காற்று மொட்டைத் தலையில் பட்டுச் சில்லிட்டது.

வீட்டை அதற்குள் கழுவி விட்டிருந்தார்கள். கேட்டிலிருந்து வாசற்படி வரை சிமென்ட் தரை ஈரமாகப் பளபளத்தது. ஐஸ் பெட்டி போய்விட்டிருந்தது. அம்சா ஒரு மூலையில் உட்கார்ந்து, யாரோ கொடுத்த காபி டம்ளரைக் குடிக்காமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"வண்டி எங்கடா?" என்றாள் செண்பகம்.

"தெருமுனையில."

"அத ஏன் அங்க போட்ட? கொண்டாந்து உள்ள நிறுத்து. அம்மா தொறந்து வெக்கச் சொன்ன கேட்டு, நான் இன்னும் மூடல."

அவன் போய் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். கேட் அகலமாகத் திறந்திருந்தது. நிறுத்தாமல் உள்ளே வர முடிந்தது. பின்சக்கரம் கிறீச் கிறீச்சென்றது.

"இரு, இரு" என்று அரங்கநாதன் வந்து குந்தினார். அச்சு நட்டைத் தொட்டுப் பார்த்தார். அது விரலோடு திரும்பியது. நிமிர்ந்து அவனைப் பார்த்தார். காலையிலிருந்து அப்போதுதான் முதல் முறையாகப் பார்க்கிறார். "இதுலயா மச்சான் ரெண்டு பேரும் வந்தீங்க?" குரலைத் தாழ்த்தித்தான் கேட்டார். பிறகு குட்டியானையிலிருந்து ஸ்பானரை எடுத்து வந்து சக்கரத்தை நேராக்கி முடுக்கத் தொடங்கினார்.

செண்பகம் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டியைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தாள். கேட்டிலிருந்து வண்டி நின்ற இடம் வரை ஈரச் சிமென்டில் டயர்த் தடம் விழுந்திருந்தது. ஒரு கோடும் மழுங்காத, அச்சடித்தாற்போன்ற தடம். அவள் கண் அதைப் பிடித்துக்கொண்டே வந்து சக்கரத்தில் நின்றது. டயரின் விலாவில், புதுசுக்கே உரிய சின்னச் சின்ன ரப்பர் முடிகள் அப்படியே சிலிர்த்துக்கொண்டு நின்றன.

ஸ்பானர் நின்றது. அரங்கநாதன் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"காலையில போன்ல கேட்டுச்சே" என்றாள் செண்பகம், தம்பியைப் பார்த்து. "அது குக்கரு விசிலுதான?"

ரயில் என்று இன்னொரு முறை சொல்லலாம். சொன்னால் அவள் நம்பக்கூடச் செய்வாள். அரங்கநாதன் அவனைப் பார்த்து லேசாகத் தலையை அசைத்தார், வேண்டாம் என்று. மூலையில் அம்சா டம்ளரைக் கீழே வைத்தாள்.

"ஆமாங்க்கா" என்றான் மணிமாறன்.

செண்பகம் படியிறங்கி வந்தாள். டயர்த் தடத்தை மிதிக்காமல் அதன் ஓரமாகவே நடந்து கேட்டுக்குப் போனாள். காலையிலிருந்து திறந்து கிடந்த கதவுகளில் ஒன்றை இழுத்துச் சாத்தினாள். பிறகு மற்றதைச் சாத்தினாள். கொக்கி துருவேறி இருந்தது. அதைப் போட அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.